கப்பல் இருந்த இடம்

அத்தியாயம் 3

புந்தா மெரோவுக்குள் கார் நுழைந்தபோது மணி பதினொன்று. ஊரில் ஒரு ஈ காக்கா இல்லை.

கடைகள் எல்லாம் திறந்தேதான் கிடந்தன. ரொட்டிக் கடையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, ரொட்டிக்காரரைக் காணோம். மருந்துக் கடைக் கதவில் ஒரு சிலேட்டு தொங்கியது. 'அலை நல்லா இருக்கு. ஒரு மணிக்கு வருவோம்.'

"பாத்தீங்களா டோன்யா யமி? இந்த ஊர்ல தலைவலி வந்தா ஒரு மணி வரைக்கும் அதை உக்கார வச்சுப் பேசிட்டு இருக்கணும் போல," என்றான் ஒல்மான்.

அந்த நாட்டு மரியாதையில் பெண்கள் 'டோன்யா', ஆண்கள் 'டோன்'. யமிலெத் கிரனாதோஸ் சிரிக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் அவள் எதற்கும் லேசில் சிரிப்பதில்லை. இருபது வருடம் தலைநகர் சான் ஹோசேயில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் சொல்கிறவர்களைக் கண்டுபிடித்து, அலுத்துப்போய், தனியாக ஒரு துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தாள். சொத்து: ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு ஒல்மான். ஒல்மானுக்கு நாற்பது வயது. முன்பு பஸ் டிரைவராக இருந்தான். பயணிகளிடம் பேசிப் பேசியே மூன்று நிறுத்தங்களைத் தாண்டிப் போய்விட்டதால் வேலை போனது. இப்போது யமிலெத்திடம் பேசிக்கொண்டு கார் ஓட்டுகிறான்.

தெருக்கோடியில் கடல் தெரிந்தது. ஊரே அதற்குள்தான் இருந்தது. நூறு பேர் இருப்பார்கள். ஆளுக்கொரு அலைச்சறுக்குப் பலகைமேல் உட்கார்ந்து, ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வரப்போகிற அலையைப் பார்த்தபடி மிதந்தார்கள். கரையில் நிற்கிறவளைத் திரும்பிப் பார்க்க ஒரு ஆள் கிடையாது. யமிலெத்துக்கு அது என்னவோ செய்தது. கைப்பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தாள். காலையிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. நேற்றும் கூப்பிடவில்லை.

"விலாசத்தைப் படி," என்றாள்.

ஒல்மான், அவர்களை வரவழைத்த ஃப்ளோரிபெத்தின் விலாசச் சீட்டைப் பிரித்தான். "கப்பலிலிருந்து மலைப் பக்கமா இருநூறு மீட்டர். வாசல்ல மாமரம். அடேங்கப்பா, மாமரம்! இந்த நாட்டுல வாசல்ல மாமரம் இல்லாத வீடு ஜனாதிபதி வீடு ஒண்ணுதான். தெருவுக்குப் பேரு, வீட்டுக்கு நம்பர்னு வச்சா யாரு குடி முழுகிடும்?"

"வச்சா மட்டும் யாரு கூப்பிடப் போறா?"

"அதுசரி, உங்க வீட்டு விலாசமே 'தியேட்டர் இருந்த இடத்திலிருந்து தெற்கே எழுபத்தஞ்சு மீட்டர்'. அந்தத் தியேட்டர் எரிஞ்சப்போ எனக்கு மீசைகூட முளைக்கல."

"எல்லாருக்கும் அந்த இடம் தெரியும்."

"தெரிஞ்சவங்க பாதிப் பேரு போய்ச் சேந்தாச்சு டோன்யா."

அந்தத் தியேட்டரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆட்டத்தில்தான் யமிலெத் தன் கணவனை முதன்முதலில் பார்த்தாள். அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது.

கரையோரம் ஒரு பாதாம் மரத்தடியில் பனிக்கட்டிப் பெட்டியோடு ஓர் இளநீர்க்காரர் உட்கார்ந்திருந்தார். எண்பது வயதிருக்கும். சட்டைப் பையில் 'டோன் துலியோ' என்று சிவப்பு நூலில் தைத்திருந்தது. ஒல்மான் விலாசத்தைச் சொன்னதும் கிழவர் பக்கத்துச் சந்தின் பக்கம் கத்தியாலேயே காட்டினார்.

"இதுல நேராப் போங்க. எண்ணிக்கிட்டே போங்க. மாமரம் வரும்."

எண்ணிக்கொண்டே போனார்கள். மாமரமும் வந்தது. ஆனால் மரத்தடியில் பெண் யாரும் இல்லை. கிளைகளிலிருந்து அலைப் பலகைகள் கயிற்றில் தொங்கின. முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு ஒல்லியாக ஒருவன் உடைந்த பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"துணி வெளுக்கற டோன்யா ஃப்ளோரிபெத் வீடு இதுதானே?" என்றாள் யமிலெத்.

"இல்ல."

"இங்கதான்னு சொன்னாங்களே."

அவன் துணியை இறக்கினான். முப்பத்தைந்து வயதுக்கு அந்த முகம் ரொம்பக் கிழடு தட்டியிருந்தது. "யாரு சொன்னா? இந்த ஊர்க்காரன் எவனும் என் வீட்டுக்கு வழி சொல்ல மாட்டானே."

"இளநீர்க்காரர்."

"ஓ, அவரா! அவருக்கு ஞாபகம் தப்பிப்போச்சு." மறுபடி துணியை ஏற்றிக்கொண்டு தேய்க்க ஆரம்பித்துவிட்டான்.

கிளம்பும்போது யமிலெத் பலகைகள் தொங்கிய கயிற்றைப் பார்த்தாள். கயிற்றை மடித்து, அந்த மடிப்புக்குள்ளேயே மறுமுனையை விட்டு இழுத்த சுருக்கு. வால் இல்லை, முடிச்சின் புடைப்பு இல்லை. பழக்க தோஷத்தில் மனசில் குறித்துவைத்தாள்.

"எனக்கு ஒரு சந்தேகம். அந்தக் கிழவர் விக்கிறது இளநீர், குடிக்கிறது வேற," என்றான் ஒல்மான்.

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஏனென்றால் கப்பல் அங்கே இல்லவே இல்லை. வடக்கே முந்நூறு மீட்டர் தள்ளி, ஆறு கடலில் கலக்கும் இடத்தில், பழைய இறால் பிடிக்கும் கப்பல் ஒன்று துருப்பிடித்து ஒருக்களித்துக் கிடந்தது. அங்கிருந்து மலைப் பக்கமாக இருநூறு மீட்டர் எண்ணினார்கள். மாமரம், அதன் பின்னால் கொடி கொடியாக வெள்ளை விரிப்புகள். விரிப்புகளுக்கு நடுவிலிருந்து ஃப்ளோரிபெத் வந்தாள்.

ஐம்பத்தெட்டு வயது. தோள்கள் ஆண்பிள்ளை மாதிரி அகலம். முழங்கை வரை சோப்பு நுரை.

"வந்துட்டீங்களா! உக்காருங்க, உக்காருங்க. நாற்காலியில இருக்கற தலகாணி உறையைத் தள்ளி விடுங்க. இந்த வீட்டுக்கு ஒருத்தர் வந்து உக்காந்து எத்தனை நாளாச்சு தெரியுமா?"

"ஊர்ல பழக்கம் இல்லையா?" என்றாள் யமிலெத்.

"யார்கிட்ட பழகறது டோன்யா? ஊர்க்காரங்க கடல்ல இருக்காங்க. வெளியூர்க்காரங்க லாட்ஜுல இருக்காங்க. அவங்க படுத்த விரிப்புதான் எங்கிட்ட வருது. தலகாணி உறையைப் பாத்தே சொல்லிடுவேன், இவ ராத்திரி அழுதிருக்கா, இவன் தூங்கவே இல்லைன்னு. மூஞ்சியைத்தான் பாத்ததில்ல." தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டு உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்தாள்.

டப்பாவில் ஐந்து சீட்டுகள் இருந்தன. ஐந்திலும் ஒரே வாசகம்.

'நான் சாகல. மன்னிச்சிடு.'

"வருஷத்துக்கு ஒண்ணு," என்றாள் ஃப்ளோரிபெத். "மே மாசம் மூணாவது வாரம். கூடவே ஒரு வெல்லக்கட்டி, பஸ் பார்சல்ல. அஞ்சு வருஷமா தவறினதே இல்ல. அனுப்பறவர் பேரு இருக்காது. ஆனா யாருன்னு எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் ரொஹெலியோ. வாழைத் தோட்டத்துல வேலைன்னு போனவர், பதினஞ்சு வருஷமா வரல. எங்க இருக்கார்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க, போதும்."

"கண்டுபிடிச்சா?"

அவள் ஏப்ரன் பையிலிருந்து ஒட்டிய கவர் ஒன்றை எடுத்தாள். மேலே 'ரொஹெலியோ' என்று மட்டும் எழுதியிருந்தது. "பதில் எழுதி வச்சிருக்கேன். அனுப்பத்தான் விலாசம் இல்ல."

"சீட்டுல இருக்கறது அவர் கையெழுத்துதானா?"

"பதினஞ்சு வருஷத்துல கையெழுத்து மாறாதா டோன்யா?"

ஒல்மான் வாயைத் திறந்தான். யமிலெத் அவன் காலை மிதித்தாள்.

"நீங்க இந்த ஊருக்கு எப்போ வந்தீங்க?"

"அஞ்சு வருஷத்துக்கு முந்தி, கிறிஸ்துமஸ் சமயத்துல. அடுத்த மே மாசமே முதல் கட்டி வந்துடுச்சு."

"இங்க வந்தது அவருக்கு எப்படித் தெரியும்? யார்கிட்டயாவது சொல்லிட்டு வந்தீங்களா?"

ஃப்ளோரிபெத் ஒரு விரிப்பின் ஓரத்தைப் பிடித்து நீவிவிட்டாள். அதில் சுருக்கமே இல்லை. "சொல்லிட்டு வர ஆள் ஏது டோன்யா? ஆனா தேடினா கிடைக்காமப் போயிடுமா? மனசு இருந்தாத் தேடலாம்ல?"

இந்த வருடத்துக் கட்டியை அவள் இன்னும் பிரிக்கவில்லை. அவர் வந்தால் இரண்டு பேருமாகச் சேர்ந்து வெந்நீரில் கரைத்துக் குடிக்கலாம் என்று வைத்திருந்தாளாம். யமிலெத் அதை வாங்கிப் பார்த்தாள். காய்ந்த கரும்புத் தோகையில் சுற்றிய, மலை ஊர் வெல்லம். சுற்றியிருந்த மெல்லிய கயிறு தன் மடிப்புக்குள்ளேயே புகுந்து இறுகியிருந்தது. வால் இல்லை. புடைப்பும் இல்லை.

அவள் கழற்றி வைத்திருந்த மேல்தாளில் விலாசம் இருந்தது. கப்பலிலிருந்து மலைப் பக்கமாக இருநூறு மீட்டர், வாசலில் மாமரம். பெயர் இல்லை.

தெருவுக்கு வந்ததும் ஒல்மான் துள்ளினான். "பாத்தீங்களா அந்தச் சுருக்கை? பலகை தேய்க்கற ஆளோட சுருக்கு! கேஸ் முடிஞ்சுது. மாப்பிள்ளை வாழைத் தோட்டத்துல இல்ல. பக்கத்துத் தெருவுல மூஞ்சியில துணி கட்டிட்டு, ஊமைக் காதல் பண்ணிட்டு இருக்கான்."

"அவளைவிட இருபது வயசு சின்னவன்டா."

"காதலுக்கு…"

"மூடு. பக்கத்துத் தெருவுக்கு வெல்லம் குடுக்க எவனாவது மலைக்குப் போய் பஸ்ல ஏத்தி விடுவானா? பார்சல் எங்கேருந்து வருதுன்னு பாப்போம் வா."

தலைநகரிலிருந்து வரும் பஸ் பார்சல்களை இறக்கும் தகரக் கொட்டகையில் வில்பெர் என்பவன் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து மாம்பழம் தின்றுகொண்டிருந்தான். அவன்தான் ஊருக்குள் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். நாலரை வருடத்துக்கு முன் கரீபியன் பக்கமிருந்து பிழைக்க வந்தவன்.

"பேரே இல்லாத பார்சல் ஃப்ளோரிபெத்துக்குத்தான்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது மாயே?" என்றான் ஒல்மான். அங்கே கூட்டாளியைக் கூப்பிடுவது 'மாயே' என்றுதான்.

"என்ன மாயே, விலாசம் இருக்குல்ல? கப்பல்லேருந்து இருநூறு மீட்டர். எண்ணிப் பாத்தேன், மாமரம் இருந்துச்சு, குடுத்துட்டேன். பேரு எழுதினா மட்டும் எனக்குப் புரியுமா? இந்த ஊருக்கு வர்ற வெளிநாட்டுக்காரங்க பேரு, கூப்பிட்டா தும்மல் போடற மாதிரி இருக்கும்."

"பார்சலை யாரு ஏத்தி விடறது?" என்றாள் யமிலெத்.

"டிரைவர் சொல்லுவாரு. மலையில லா பிலோனான்னு ஒரு திருப்பம், கரும்பாலை ஒண்ணு இருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை தாடிக்காரன் ஒருத்தன் வந்து நீட்டுவானாம். 'கடற்கரைக்கு வர்றியா, சும்மா ஏறு'ன்னு இவர் ஒரு தடவை விளையாட்டுக்குக் கேட்டிருக்காரு. அவன் ரெண்டடி பின்னால போயிட்டானாம்."

ஒல்மான் சாவியைச் சுழற்றினான். "கிளம்புங்க. நாலு மணி நேர ஓட்டம். தாடியைப் புடிச்சு இழுத்துட்டு வந்துடலாம்."

"இழுத்துட்டு வந்து யார் வீட்டு வாசல்ல நிறுத்துவே?"

"என்ன கேள்வி இது? ஃப்ளோரி வீட்டுல."

யமிலெத் நடக்க ஆரம்பித்துவிட்டாள். கார் நின்ற பக்கம் இல்லை, பாதாம் மரத்துப் பக்கம்.

டோன் துலியோ அதே இடத்தில் இருந்தார். யமிலெத் ஓர் இளநீர் வாங்கிக்கொண்டு அவர் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள்.

"டோன் துலியோ, கப்பல் எங்க இருக்கு?"

கிழவர் கத்தியை நீட்டினார். "அதோ."

அவர் காட்டிய இடத்தில் வெறும் மணல். நடுவில் ஒரு சின்ன மரச் சிலுவை, அதில் வெயிலில் வெளுத்த பிளாஸ்டிக் பூ. ஒல்மான் யமிலெத்தைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான்.

"புருவத்தை இறக்கு தம்பி, கண்ணு தெரியுது எனக்கு," என்றார் கிழவர். "கப்பல் ஆத்து முகத்துக்குப் போயிடுச்சுன்னு எனக்கும் தெரியும். ஊர்ல மத்தவங்க 'கப்பல் இருந்த இடம்'னு நீட்டி முழக்குவாங்க. எனக்கு என்னத்துக்கு? தொழிலுக்கு வந்ததுலேருந்து அதோட நிழல்லதான் காய் வெட்டினேன். என் கணக்கு இங்கேருந்துதான்."

யமிலெத்தின் கையில் இளநீர் அப்படியே நின்றது. "எப்போ நகர்ந்தது?"

"போன மே மாசத்தோட அஞ்சு வருஷம் முடிஞ்சுது. பேரலை வந்த அன்னைக்கு. காலையில ஹைரோவைக் கொண்டுபோச்சு. சாயங்காலம் கப்பலை இழுத்துட்டுப் போய் அங்க போட்டுச்சு. ஒரே நாள்ல ரெண்டு."

"ஹைரோ?"

"இந்தக் கரையில அவனை மாதிரி அலையில நிக்க ஒருத்தன் பொறக்கல. அன்னைக்கு ஒருத்தரும் தண்ணியில கால் வைக்கல. அவனும் வேணாம்னுதான் உக்காந்திருந்தான். கூட்டாளி ஒருத்தன், அதெமார்னு, அதோ அந்தச் சந்துல பலகை தேய்க்கறானே அவன்தான், 'என்னடா, பயமா?'ன்னு கேட்டான். எல்லார் காதுலயும் விழுந்துச்சு. அவ்வளவுதான், பலகையைத் தூக்கிட்டுப் போயிட்டான். பலகை மட்டும் ரெண்டு துண்டாத் திரும்பி வந்துச்சு. உடம்பு கிடைக்கல."

கடலில் யாரோ உற்சாகமாகக் கூவினார்கள். கிழவர் அந்தப் பக்கம் பார்த்தபடியே சொன்னார்.

"ஒரு வாரம் கழிச்சு ஊரே பூவோட கடலுக்குள்ள போய் வட்டமா நின்னோம். போனவனுக்கு அப்படித்தான் செய்வோம். பலகையோட பலகை ஒட்டி, கையோட கை கோத்து. அதெமாரும் பூ எடுத்துட்டு வந்தான். வட்டத்துல ஒருத்தரும் இடம் விடல. வெளியில தனியா மிதந்துட்டு, பூவைக் கையிலேயே வச்சுக்கிட்டு, கரைக்குத் திரும்பிட்டான். அன்னைலேருந்து அவன் தண்ணியில இறங்கல. அவன்கூட யாரும் பேசறதும் இல்ல."

"நீங்க?"

"நானும்தான் பேசல," என்றார் டோன் துலியோ. அடுத்த காயை எடுத்து வெட்ட ஆரம்பித்தார்.

யமிலெத் எழுந்து சிலுவைவரை நடந்தாள். சிலுவையில் ஹைரோ என்ற பெயரும் தேதியும் இருந்தன. மே பத்தொன்பது.

"சொல்லு ஒல்மான். இந்த ஊர்ல 'கப்பல்லேருந்து'ன்னு சொன்னா இன்னைக்கு என்ன அர்த்தம்?"

"ஆத்து முகத்துலேருந்து. கிழவரைத் தவிர."

"அதெமார் வீட்டுக்கு விலாசம் எழுதணும்னா?"

"கப்பல் இருந்த இடத்திலிருந்து."

"பார்சல்ல 'இருந்த இடம்' இல்ல. வெறும் கப்பல். அதைக் கட்டினவன் இந்தக் கரைக்காரன், சுருக்கு சொல்லுது. இருநூறு மீட்டர், மாமரம்னு சரியா எழுதத் தெரிஞ்சிருக்கு. ஆனா கப்பல் நகர்ந்தது மட்டும் தெரியல. அஞ்சு வருஷமா தெரியல. அப்படின்னா அவன் ஊரை விட்டுப் போனது எப்போ?"

ஒல்மான் விரல் விட்டு எண்ணினான். "அன்னைக்கு சாயங்காலத்துக்கு முந்தி."

"வெல்லம் வர்றதும் இந்தத் தேதியை ஒட்டித்தான். அன்னைக்குக் காலையிலேருந்து சாயங்காலத்துக்குள்ள இந்த ஊரை விட்டுப் போனது யாரு?"

ஒல்மான் சிலுவையைப் பார்த்தான். அப்புறம் யமிலெத்தைப் பார்த்தான். "டோன்யா… அவன் செத்தவன்."

"சீட்டுல என்ன எழுதியிருந்துச்சு?"

நான் சாகல. ஒரு புருஷன் பெண்டாட்டிக்கு எழுதுகிற நாடக வசனம் என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள். அது நாடகம் இல்லை. ஒருத்தன் தன் கூட்டாளிக்குச் சொன்ன நேரான தகவல்.

"எங்கேயோ தள்ளிக் கரையேறியிருப்பான்," என்றாள் யமிலெத். "உயிர் பயம் புடிச்சிருக்கும். ஊர் மூஞ்சியில முழிக்க வெக்கம். கரும்பு லாரி எதுலயோ ஏறிட்டான். கடலே கண்ணுல படாத இடமாப் போய் உக்காந்துட்டான். ஆனா தான் செத்துட்டதா நினைச்சு ஒருத்தன் நொந்துட்டு இருப்பான்னு தெரிஞ்சிருக்கு. பேரு எழுதினா ஊருக்குத் தெரிஞ்சுடும்னு விலாசம் மட்டும் எழுதினான். அந்த விலாசம்தான் முந்நூறு மீட்டர் நகர்ந்துபோச்சு."

ஒல்மான் கொஞ்ச நேரம் காலால் மணலைத் தள்ளிக்கொண்டிருந்தான். "ஃப்ளோரிகிட்ட கிடைக்கலைன்னு சொல்லிடலாம் டோன்யா. அந்தம்மாவுக்கு இருக்கறதே ஒரு பிஸ்கட் டப்பாதான்."

"அப்போ அதெமார்?"

"அவனுக்கு மட்டும் தனியா…"

"என்னன்னு சொல்லுவே? சீட்டு அவகிட்ட இருக்கு."

யமிலெத்துக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தவரை பொய்யைப் பிடித்தால் போதும், வீட்டுக்குப் போய்விடலாம். இங்கே பொய் சொன்னவர் ஒருத்தரும் இல்லை. எழுதினவன் நிஜத்தை எழுதினான், கொண்டுவந்தவன் சரியாக எண்ணினான், வாங்கினவள் நம்பினாள். அதில் ஒருத்தி வயிற்றில் இப்போது அடிக்க வேண்டியிருக்கிறது.

வழக்கமான இரண்டு மணி மழை பிடிப்பதற்குள் ஃப்ளோரிபெத் விரிப்புகளை உள்ளே எடுத்துக்கொண்டிருந்தாள். யமிலெத் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருமாக மடிக்க மடிக்கச் சொல்லி முடித்தாள். சுற்றி வளைக்கவில்லை.

ஃப்ளோரிபெத் மடித்த விரிப்பைப் பெட்டியில் வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். அதையும் மடித்தாள்.

"அப்போ அஞ்சுல ஒண்ணுகூட எனக்கு இல்லையா?"

"இல்ல டோன்யா."

"முதல் வருஷத்துதுகூட?"

"இல்ல."

அவள் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெறும் கொடி. அவளுக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் யமிலெத்துக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"பாவம்," என்றாள் கடைசியில். "அந்தப் புள்ள அஞ்சு வருஷமா யாரும் பேசாமயா இருக்கான்? நான் பாட்டுக்கு அவனுக்கு வந்ததைத் தின்னுட்டு உக்காந்திருக்கேனே." பிஸ்கட் டப்பாவை எடுத்தாள், பிரிக்காத கட்டியையும் எடுத்தாள், தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கிவிட்டாள். கார் கதவைத் திறந்துகொண்டு ஒல்மான் பின்னாலேயே ஓடினான். அவள் ஏறவில்லை.

அதெமார் தகரக் கூரைக்கு அடியில் பலகைகளை இழுத்துக்கொண்டிருந்தான். ஃப்ளோரிபெத் கட்டியை நீட்டினாள். அவன் கண் கயிற்றில் போய் நின்றது.

"இந்தச் சுருக்கை யாரு போட்டது?"

அவன் கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது நாங்க ரெண்டு பேரும் போடறது. நானும் அவனும். வேற எவனும் இப்படிப் போட மாட்டான். யாரு போட்டதுன்னு கேக்கறேன்ல?"

அவள் டப்பாவைத் திறந்தாள். அவன் முதல் சீட்டைப் படித்தான். இரண்டாவதைப் படித்தான். ஐந்தாவதை முடித்ததும் தூசியிலேயே உட்கார்ந்துவிட்டான். முதலில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. அப்புறம் கத்தினான்.

"படுபாவி! படுபாவிப் பய! யாருக்குன்னு ஒரு வார்த்தை எழுத மாட்டானா? அஞ்சு வருஷம்டா! ஒவ்வொரு நாளும் உன்னைக் கொன்னுட்டுத் தூங்கப் போனேன்டா!"

தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. அவன் அழுது முடிக்கும்வரை மூன்று பேரும் நின்றார்கள். ஒல்மான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஒரு பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாலு கட்டியை நான் தின்னுட்டேன் தம்பி," என்றாள் ஃப்ளோரிபெத். "தெரியாமத்தான். மன்னிச்சிடு."

அவன் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. கொஞ்சம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பேனாவைத் தேடினான். யமிலெத் கொடுத்தாள். ஒரு பழைய ரசீதின் பின்புறம் எழுத ஆரம்பித்து, நிறுத்தி, கிழித்துப் போட்டான். மறுபடி எழுதினான், மறுபடி கிழித்தான்.

"எழுத வரல. திட்டத்தான் வருது. திட்டி அனுப்பினா அவன் வரமாட்டான். எனக்கு அவனைத் தெரியும்."

ஃப்ளோரிபெத் ஏப்ரன் பையில் கையை விட்டாள். கை உள்ளேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அந்தக் கவரை எடுத்து, ஒட்டியிருந்ததைப் பிரித்து, உள்ளே இருந்த தாளை அவனிடம் கொடுத்தாள்.

"இது சரிப்படுமா பாரு."

அவன் சத்தமாகவே படித்தான். 'சாகலைன்னு தெரிஞ்சதே போதும். கோபமெல்லாம் எப்பவோ ஆறிப்போச்சு. கதவு திறந்துதான் இருக்கு. வந்தாப் போதும்.'

"இதுக்கு மேல என்ன எழுதறது," என்றான் அதெமார்.

ஒல்மான் மெதுவாகச் சொன்னான். "டோன்யா ஃப்ளோரி, கார்ல புதுக் கவர் இருக்கு."

"வேணாம். நல்ல கவர்தானே இது." அவள் பேனாவை வாங்கி, மேலே இருந்த பெயரை அடித்தாள். அதற்குக் கீழே 'ஹைரோ' என்று எழுதினாள். பின்பக்கம் திருப்பி, அதெமாரிடம் கேட்டுக் கேட்டு, அனுப்புகிறவர் விலாசத்தையும் எழுதினாள். கப்பல் இருந்த இடத்திலிருந்து மலைப் பக்கமாக இருநூறு மீட்டர், வாசலில் மாமரம். அதெமார் வெல்லக்கட்டியைப் பலகை ஓரத்தில் தட்டி இரண்டாக உடைத்து ஒரு பாதியை அவள் கையில் வைத்தான். வேண்டாம் என்றாள். அவன் விடவில்லை.

அவர்கள் காரில் ஏறியபோது மருந்துக் கடைக்கு ஆள் வந்திருந்தது. ஊர் கரையேறி, பலகைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு, சிரித்துப் பேசியபடி தெருவெல்லாம் போய்க்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கமாக ஃப்ளோரிபெத், துண்டுக்கு அடியில் எதையோ நனையாமல் பிடித்துக்கொண்டு, தன் வீட்டைப் பார்க்க நடந்துபோனாள்.

"சான் ஹோசேக்கா, லா பிலோனாவுக்கா?" என்றான் ஒல்மான்.

"லா பிலோனாவுக்கு."

"டிரைவர்கிட்ட குடுத்தாலே போயிடுமே டோன்யா."

"கையில குடுக்கணும்."

மலைச் சாலை ஏறும்வரை ஒல்மான் பேசாமல் வந்தது அதுவே முதல் தடவை. யமிலெத் மடியிலிருந்த கவரைத் திருப்பிப் பார்த்தாள். பெயரை அடித்தது ஒரே கோடு, அதுவும் மெல்லிய கோடு. அதற்கு அடியில் ரொஹெலியோ என்று நன்றாகவே படிக்க முடிந்தது.